கணு நெருங்கிய கரும்பு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முதல் தடவையிலேயே நம்பியது கிடையாது. அப்பா விதை வாங்கப் போனால் மூட்டையின் மேல்வாயில் இருப்பதைப் பார்க்க மாட்டார். அடிவரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத்தான் பார்ப்பார். அம்மா ஒரு சாமியாடி சொன்ன குறியை இன்னொரு சாமியாடியிடம் கேட்டு ஒத்துப் பார்ப்பாள். அந்த ரத்தம் எனக்கும் உண்டு. பிற்பாடு சென்னையில் ஒரு அலுவலகத்தில் அறிக்கைகளுக்கு வரைபடம் போடுகிற வேலையில் இருந்தேன். யார் படம் கொண்டுவந்தாலும் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் பார்ப்பேன். "இந்தம்மா படத்தைப் பார்க்கலை, போலீஸ்காரன் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்குது" என்று என் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். ஒரு படம் எங்கள் அண்ணன் கல்யாணத்தில் புகுந்து விளையாடியதை அவர்கள் பார்க்கவில்லையே.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். நைனார்பாளையத்திலிருந்து உள்ளே போக வேண்டிய சின்ன ஊர் எங்களுடையது. கொஞ்சம் சொந்த நிலம், மீதி குத்தகை, இரண்டிலும் கரும்பு. நான் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்து இறங்கினால் மேற்கே கல்வராயன் மலை தெரிகிற கூட்டுரோடில்தான் இறங்க வேண்டும். அந்தக் கூட்டுரோடில் கரும்பு விவசாயிகளின் சங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் சுவரோரமாகத்தான் அந்த வருஷம் போர்டு வைத்தார்கள்.

சுற்றுவட்டாரத்து ஊர்கள் ஒவ்வொன்றும் சர்க்கரை ஆலையில் எத்தனை ஏக்கர் கரும்பு பதிந்திருக்கிறது என்று காட்டுவதற்கான போர்டு. பச்சைப் பின்னணி, மேலே மஞ்சள் எழுத்து. ஊருக்கு ஒரு கரும்பு. நிறைய ஏக்கர் பதிந்த ஊருக்கு உயரமான கரும்பு, கம்மியாகப் பதிந்த ஊருக்குக் குட்டைக் கரும்பு. ஒவ்வொன்றின் காலடியிலும் ஊர்ப் பெயரும் ஏக்கர் கணக்கும் எழுதியிருந்தது. சும்மா கோடு போட்டிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஆனால் வரைந்தவர் கள்ளக்குறிச்சியில் கட்சிச் சின்னமும் கடைப் பெயரும் எழுதுகிற பெயிண்டர். கரும்பைத் தத்ரூபமாக வரைந்துவிட்டார். தோகை, தண்டு, கணு எல்லாம் வைத்து.

எங்கள் ஊர்க் கரும்புதான் எல்லாவற்றிலும் குட்டை. கடைசியில் நின்றது. அது குட்டையாக இருந்ததில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊர் சின்னது, நிலம் கம்மி, கரும்பும் கம்மி. பஸ்ஸை விட்டு இறங்கிய எங்கள் தெருக்காரர் ஒருவர் போர்டைப் பார்த்தவுடன் சொன்னது வேறு.

"இன்னாடா இது, நம்ம ஊருக் கரும்பு கணு நெருங்கிக் கெடக்குது?"

கரும்பு பயிரிடாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தண்ணீர் நன்றாகப் பாய்ந்த மாதத்தில் கரும்பு விறுவிறுவென்று வளரும், ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விழும். தண்ணீரில்லாமல் காய்ச்சலில் கிடந்த மாதத்தில் கணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கிப்போகும். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு கரும்பைக் கையில் வாங்கினால் சாறு எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் கணுவைத்தான் பார்ப்பார்கள். பார்த்த மாத்திரத்தில் அந்த நிலத்தின் கிணறு எப்படி, மோட்டார் எப்படி, சொந்தக்காரன் எப்படி என்று சொல்லிவிடுவார்கள்.

போர்டில் எல்லா ஊர்க் கரும்புக்கும் கணு ஒரே எண்ணிக்கை. நெட்டைக் கரும்பில் அவை தாராளமாக நின்றன. எங்கள் குட்டைக் கரும்பில் மூச்சுவிட இடமில்லாமல் நசுங்கிக்கொண்டு நின்றன. அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊரில் ஒருத்தர்கூட காலடியில் இருந்த ஏக்கர் கணக்கைப் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை. கண் நேராகக் கணுவுக்குப் போய்விட்டது.

"நம்ம ஊர்ல தண்ணி இல்லன்னு மேல எழுதி அனுப்பிட்டானுங்க. வெட்டு உத்தரவு நமக்குக் கடைசியிலதான் வரும் பாரு" என்றார் அப்பா. கரும்பை வெட்டச் சொல்லி ஆலை தருகிற அந்த உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு பூத்துக் காய்ந்து எடை போய்விடும். அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. சங்கத் தலைவரின் ஊருக்குத்தான் எல்லாவற்றிலும் நெட்டையான, குண்டான கரும்பு வரைந்திருந்தது என்பதால் சந்தேகத்துக்குக் காலும் முளைத்துவிட்டது.

நான் லீவில் வந்திருந்த புதுசு. "அப்பா, அது ஏக்கர் கணக்கு. தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கீழ நம்பர் போட்டிருக்கான் பாருங்க" என்றேன்.

"நம்பர் அவன் எழுதுனது. இன்னா வேணா எழுதுவான். கணு பொய் சொல்லாது" என்றார்.

பெயிண்ட்டில் வரைந்த கணு பொய் சொல்லாது என்று சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பிற்பாடு பெரிய பெரிய படிப்பு படித்த அதிகாரிகளிடம் இதையே பார்த்தேன். ஒரு கூட்டத்துக்காக இறங்குமுகமான கோடு ஒன்றைப் பச்சையில் போட்டுக்கொடுத்தேன். பார்த்த எல்லோரும் நிலைமை நன்றாக இருப்பதாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கோடு கீழே விழுந்துகொண்டிருந்தது, பச்சை மட்டும் அவர்கள் மனதில் ஏறியிருந்தது. கண் ஒரு படத்தைப் படிப்பதில்லை. தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஏதாவது அதில் இருக்கிறதா என்று தேடுகிறது. கிடைத்தவுடன் முடிவு கட்டிவிடுகிறது. புத்தி பின்னால் வந்து அந்த முடிவுக்குக் காரணம் சொல்கிறது. எனக்குச் சொந்தக் கண்மீதே நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

கதைக்கு வருகிறேன். அந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கரும்பு விவசாயக் குடும்பம். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் அண்ணன் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தான். பந்தியில் அவள் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்ததாகவும், இவன் வேண்டும் வேண்டும் என்று வாங்கிக்கொண்டே இருந்ததாகவும், இலையில் சாம்பார் ஆறாக ஓடியதாகவும் என் தாய்மாமன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அண்ணன் அதிகம் பேச மாட்டான். ஆனால் அந்த மாதம் முழுக்க மாட்டைக் குளிப்பாட்டும்போதுகூட விசிலடித்துக்கொண்டிருந்தான். இரண்டு பக்கமும் பேசி முடித்து, உறுதி செய்ய நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்கிற நிலைமை.

அந்த நாளைக் குறிக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கடைசியில் தாய்மாமன் போய்க் கேட்டுக்கொண்டு வந்தார். பெண்ணின் அம்மா ஏதோ காரியமாகப் பஸ்ஸில் எங்கள் கூட்டுரோடு வழியாகப் போயிருக்கிறார். பஸ் நின்ற நேரத்தில் ஜன்னல் வழியாகப் போர்டைப் பார்த்திருக்கிறார்.

"தண்ணி இல்லாத ஊர்ல பொண்ணு குடுக்கறதான்னு அந்தம்மா யோசிக்குது. ஊரு பூரா கணு நெருங்கிக் கெடக்குதாம். பொண்ணு வந்து காலம் பூரா கொடத்தத் தூக்கினு அலையணுமான்னு கேக்குது" என்றார் மாமா.

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. அம்மா உடனே, "வேற நல்ல எடம் வந்திருக்கும், போர்டச் சாக்கு சொல்லிக்கினு இருக்காங்க" என்றாள். தெருவில் ஒருத்தர் போர்டு விஷயமாக ஊர்க்காரர்கள் சங்கத்தோடு சண்டை போட்டதால்தான் தலைவர் ஆள்விட்டுக் கலைத்துவிட்டார் என்றார். ஆளுக்கொரு சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை. கோபம்தான் இருந்தது. ஒரு பெயிண்டர் அழகுக்காக வைத்த புள்ளியும் கோடும் என் அண்ணன் வாழ்க்கையைக் கெடுப்பதா?

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போனேன். பெயிண்டர் ஒரு உரக்கடை வாசலில் ஏணிமேல் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் இறங்காமலே கேட்டார்.

"எந்தக் கட்சிம்மா நீ?"

"கட்சியெல்லாம் இல்லீங்க. கணுவ ஏன் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெச்சீங்க?"

"அப்புறம் எப்டி வெப்பாங்க? ஒண்ணுல ஜாஸ்தி ஒண்ணுல கம்மின்னு வெச்சா லட்சணமா இருக்குமா? ஒங்க ஊரு குள்ளம். குள்ளத்துல அடக்கி வெச்சேன்."

"பெரிய ஊருக்கு மட்டும் குண்டா வரைஞ்சிருக்கீங்களே?"

"ஒசரமா இருக்கறது ஒல்லியா இருந்தா நோஞ்சானாட்டம் தெரியாதா?"

அவர் பக்கத்தில் அது நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரைவிட இரண்டு மடங்கு ஏக்கர் பதிந்த ஊரின் கரும்பு, உயரத்தில் இரண்டு மடங்கு, குண்டிலும் இரண்டு மடங்கு. பார்க்கிறவன் கண்ணுக்கு அது நாலு மடங்காகத் தெரியும். மாற்றி எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். சங்கம் சொன்னால்தான் போர்டில் கை வைப்பேன் என்றார். சங்கச் செயலாளரிடம் போனால், "ஒங்க ஊருக் கரும்ப மட்டும் பெருசாக் காட்டச் சொல்றியாம்மா?" என்று என்னையே குற்றவாளி போலப் பார்த்தார்.

விடவில்லை நான். நூலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போர்டின் முன்னால் நின்று எல்லாக் கரும்பையும் அளந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அதே போர்டைத் திரும்ப வரைந்தேன். எல்லாக் கரும்பும் ஒரே பருமன், எல்லாவற்றிலும் கணு ஒரே இடைவெளி. அப்படி வரைந்தபோது எங்கள் கரும்பு குட்டையாக, ஆனால் லட்சணமாக நின்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் புரியும் என்று நினைத்தேன். அப்பாவையும் மாமாவையும் அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்கே போனேன். அண்ணன் வரவில்லை. கிளம்பும்போது, "சண்ட கிண்ட போட்ராத" என்று மட்டும் சொன்னான்.

பெண்ணின் அம்மா வாட்டசாட்டமான ஆள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பேசியதெல்லாம் அந்தம்மாதான். நான் தாளை விரித்து, நூலை வைத்து அளந்து காட்டி, பெயிண்டர் சொன்னதையும் சொல்லி, கரும்பு போர்டு முழுவதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்த யாரு வரைஞ்சது?"

"நான்தாங்க."

"அப்ப ஒனக்கு வேண்டிய மாதிரிதான வரைஞ்சிருப்ப, பாப்பா?"

எனக்குச் சுருக்கென்றது. கேள்வியில் தப்பு இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"படமெல்லாம் வேணாங்கண்ணா. புள்ளைய எங்களுக்குப் புடிச்சிருக்குது. ஒரு நாளு வந்து வூட்டையும் கரும்பையும் பாத்துக்கினு போறோம்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தோஷம். படத்தை உடைத்துவிட்டேன், இனி நிஜத்தை வந்து பார்க்கப் போகிறார்கள், வேறென்ன வேண்டும்? அப்பா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த லீவில் நான் வந்த நாளிலிருந்தே வீட்டுக்குத் தண்ணீர் பக்கத்துத் தெருக் கிணற்றிலிருந்துதான் வந்தது. கேட்டதற்கு எங்கள் கிணற்று மோட்டார் ரிப்பேர் என்று அப்பா சொல்லியிருந்தார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்படுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் சந்தேகமாகப் படவே இல்லை.

அவர்கள் வந்தது ஒரு காலை நேரத்தில். அம்மா வடையும் கேசரியும் செய்திருந்தாள். அண்ணன் கட்டம் போட்ட புதுச் சட்டை போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலிகளைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா அவர்களை நேராகக் கரும்புக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். வாய்க்கால் ஓரமாக இருந்த வரப்பில் நிறுத்தி, "பாருங்க" என்றார். கரும்பு நன்றாகத்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல், தடியாக, கணு விட்டு விட்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மலையப் பாத்தீங்களா, கிட்ட வந்துட்ட மாதிரி இருக்குது. மழ வரப்போவுது" என்றார் அப்பா. மழைக்கு முன்னால் கல்வராயன் மலை பக்கத்தில் வந்து நிற்பதுபோலத் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அந்தம்மா நெற்றியில் கை வைத்து மேற்கே பார்த்தார். மலை புழுதிக்குப் பின்னால் மங்கலாகக் கிடந்தது. "எனக்கு அப்டித் தெரியலீங்களேண்ணா" என்றார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வரப்போரக் கரும்பைக் கையால் விலக்கினார்.

"உள்ள போவாதீங்க, சொணை அப்பிக்கினு அரிக்கும்" என்றார் அப்பா அவசரமாக.

"வரப்போரத்துல எங்க வூட்டுக் கரும்பும் நல்லாத்தாங்க இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே நுழைந்துவிட்டார்.

காய்ந்த சோகை இலை நொறுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே போய், நடுக்கொல்லையில் நின்றது. நாங்கள் வரப்பில் நின்றோம். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு மோட்டார் ரிப்பேர் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே கிணறு இருந்தது. போய் எட்டிப் பார்த்தேன். மோட்டார் நல்லபடியாக உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே, பாறை தெரிந்தது.

அந்தம்மா வெளியே வந்தபோது கையெல்லாம் தோகை அறுத்த கீறல். முடியில் சோகைத் தூள். கையில் ஒரு கரும்பை முறித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேல்பாதி முழுக்கக் கணு நெருங்கி, விரல் வைக்க இடமில்லாமல் கிடந்தது. அதை அப்பாவிடம் நீட்டவில்லை. என்னிடமும் நீட்டவில்லை. வரப்பில் மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

"போர்டுல சரியாத்தான் போட்டிருக்காங்க, பாப்பா" என்றார்.

இல்லை என்று கத்த வாய் வந்தது. போர்டு தப்புதான். அதற்கும் இந்தக் கிணற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் நூல் வைத்து அளந்து காட்டுவேன். அப்போதும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் தப்பான படத்தைத் தப்பாகப் பார்த்த அந்தம்மா உண்மையைப் போய்ப் பிடித்துவிட்டார். சரியான படம் வரைந்த நான் பொய்யைச் சுமந்துகொண்டு எலவனாசூர்கோட்டை வரைக்கும் போய் வந்திருந்தேன். போர்டுமேல் இருந்த கோபமெல்லாம் அப்பாமேல் திரும்பியது.

வீட்டுக்கு வந்தார்கள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வடை சாப்பிட்டார்கள், கேசரி நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள், மாட்டைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணன் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு கதவோரம் நின்றான். கிளம்புகிற நேரத்தில் அந்தம்மா கீறலெல்லாம் எரிகிறது, கை கழுவத் தண்ணீர் வேண்டும் என்றார். அம்மா குடத்தில் மொண்டு, பெரிய சொம்பு நிறையக் கொடுத்தாள்.

அவர் வாசலோரம் குனிந்து, சொம்பைச் சாய்த்து, விரல் நனைகிற அளவுக்கு மட்டும் விட்டுக்கொண்டார். அந்தக் கொஞ்சத் தண்ணீரையே முழங்கை வரைக்கும் தடவிக்கொண்டார். பிறகு சொம்பை அப்படியே அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கீழ ஊத்திடாதீங்கண்ணி. வெச்சிக்குங்க, ஒதவும்."

குத்தலாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அது அண்ணன் காதிலும் விழுந்தது. அவர்கள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். நான் ஏதோ சொல்லப் போனேன். "போ" என்றான்.

வேறு நாளாக இருந்தால், வெளியாள் கை கழுவிய சொம்பில் மிஞ்சிய தண்ணீரை அம்மா செடிக்குத்தான் ஊற்றுவாள். அன்றைக்கு அதைத் திரும்பக் குடத்திலேயே ஊற்றினாள்.